விலக்கப்பட்ட பண்கள்: முகாரி, ஆகிரி குறித்த அவையின் அச்சமும் பாடுவோரின் தயக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

கருநாடக இசை மரபில் முகாரி, ஆகிரி முதலிய இராகங்களைச் சில இடங்களிலும் சில பொழுதுகளிலும் பாடாது விடும் வழக்கம் நிலவுகிறது. அவ்விராகங்களின் சுர அமைப்பிலேயே துயரமோ தீங்கோ உறைந்துள்ளது என்பது இவ்வழக்கத்திற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். இக்கட்டுரை அக்காரணத்தை ஏற்கவில்லை. முகாரியைப் பைரவியோடு ஒப்பிட்டும், இவ்விராகங்களில் அமைந்த உருப்படிகளின் பொருளை நோக்கியும், புறநானூற்றின் 149, 260 ஆம் பாடல்களைத் துணைக்கொண்டும், இத்தவிர்ப்பு பாடுவோன் கேட்போனைச் சார்ந்து வாழும் நிலையிலிருந்து பிறப்பது என்னும் கருத்தை முன்வைக்கிறது. தவிர்க்கும் உரிமை எல்லா இசைஞர்க்கும் ஒருபடித்தாக வாய்க்கவில்லை என்பதைப் பறையிசையின் வழியாகச் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: முகாரி, ஆகிரி, விளரி, புறநானூறு, பாட்டியல், பறை, அவை

வழக்காறாகிவிட்ட இராகம்

தமிழ்ப் பேச்சு வழக்கில் ஒருவர் ஓயாது தம் குறையைச் சொல்லிப் புலம்பினால் 'முகாரி பாடத் தொடங்கிவிட்டார்' என்பர். இவ்வாறு சொல்வோரில் பெரும்பாலோர் முகாரி இராகத்தை இனங்கண்டு கேட்டவர் அல்லர். ஆலாபனை ஒன்றை அவர்முன் பாடினால் அது முகாரியா, பைரவியா, மாஞ்சியா என்று பிரித்தறிய இயலாது. எனினும் அச்சொல் அழுகையைக் குறிக்கும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. பூபாளம் என்னும் இராகப் பெயர் விடியலைக் குறிக்கும் மேடைச்சொல்லாக மாறியதும் இவ்வாறே. இராகம் செவியிலிருந்து நழுவிப் பெயர் மட்டும் மொழியில் தங்கிவிடுகிறது.

திருமண வீட்டுக் கச்சேரியில் முகாரியைத் தவிர்க்கும் பாடகர் எதைத் தவிர்க்கிறார் என்னும் வினா இங்கிருந்தே எழுகிறது. அவர் அஞ்சுவது முகாரியின் ஒலியையா, முகாரி என்னும் சொல்லையா? இராகத்தின் பெயரை அறிந்த இருவரோ மூவரோ முன்வரிசையில் இருந்து, 'இந்த நேரத்தில் முகாரியா' என்று முணுமுணுத்தால் போதும். அம்முணுமுணுப்பு பந்தல் முழுதும் பரவ நேரமாகாது. அறியாத பலருக்கு அறிந்த சிலர் அச்சத்தைக் கற்றுக்கொடுக்கும் நிகழ்வு இது. இசையுணர்வின் வரலாற்றில் இவ்வகைக் கற்பித்தலுக்குரிய இடம் இன்னும் போதிய அளவு ஆராயப்படவில்லை.

இசை மரபில் வழங்கும் விலக்குகள் ஒரே இனத்தன அல்ல. அவற்றை 'மூடநம்பிக்கை' என்னும் ஒரு பெட்டியில் இட்டு மூடிவிடுவோரும், 'பெரியோர் கூற்று' என்னும் மற்றொரு பெட்டியில் இட்டு வணங்குவோரும் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. நீலாம்பரியை உரிய இடத்திலன்றிப் பாடாமை அதன் தொழிற்பாட்டைச் சார்ந்தது; தாலாட்டுக்கும் கோயிலின் பள்ளியறைச் சேவைக்கும் உரியதாகப் பழகிவிட்ட இராகத்தைப் பிற பொழுதுகளில் பாடினால் கேட்போர்க்கு உறக்கம் வரும் என்பது கருத்து. வராளியை ஆசிரியர் நேரே மாணவர்க்குக் கற்பிக்கலாகாது, கற்பித்தால் இருவருக்கும் பிணக்கு நேரும் என்பது அவையோடு தொடர்பற்ற நம்பிக்கை. அது கல்விமுறையின் உள்விவகாரம். தியாகராசரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளுள் வராளியில் அமைந்ததைத் தனியே பாடுவது ஏனையவற்றைவிட அரிதாயிருப்பதற்கு இந்நம்பிக்கையையும் ஒரு காரணமாகக் கூறுவர். திருவையாற்று ஆராதனையில் ஐந்தையும் சேர்த்துப் பாடும்போது அது தடைப்படுவதில்லை என்பது கூட்டத்திற்கு அச்சம் குறைவு என்பதைக் காட்டுகிறது போலும்.

இவ்விரண்டினின்றும் வேறானவை முகாரியும் ஆகிரியும். முகாரியின் தீங்கு நிகழ்ச்சியின் மீது, அதாவது அழைத்தவர் வீட்டின் மீது விழும் என்று கருதப்படுகிறது. ஆகிரியின் தீங்கு பாடுபவர் மீதே விழுகிறது: காலையில் ஆகிரி பாடியவர்க்கு அன்று உணவு கிட்டாது என்பது வழிவழி வரும் கூற்று. தீங்கு எவர்மேல் விழுகிறது என்று பார்த்தால்தான் விலக்கின் உட்பொருள் புலப்படும். உணவு என்னும் சொல் இங்கு ஏன் வந்தது? உடல்நலம், செல்வம், மக்கட்பேறு எதுவும் இன்றி உணவைப் பற்றி மட்டும் இந்நம்பிக்கை பேசுவதேன்?

சுரத்தில் இல்லாத துயரம்

முகாரியின் துயரம் அதன் சுரங்களில் உள்ளது என்னும் கூற்றை முதலில் நோக்கலாம். இன்று பாடப்பெறும் முகாரி கரகரப்பிரியாவின் சேயாகக் கொள்ளப்படுகிறது. ஆரோகணத்தில் காந்தாரம் விடுபடும். சதுசுருதி தைவதம் வரும். அவரோகணத்தில் சுத்த தைவதம் வரும். ஏறும்போது ஒரு தைவதமும் இறங்கும்போது மற்றொரு தைவதமும் என்னும் இவ்வியல்பு பைரவிக்கும் உண்டு. சட்சம் தொடங்கி நிஷாதம் வரை பைரவி ஏற்கும் சுரங்களையே முகாரியும் ஏற்கிறது. அவரோகணம் இரண்டிற்கும் ஒன்றே.

பைரவியோ கச்சேரி மேடையின் பேரரசு. பச்சிமிரியம் ஆதியப்பையரின் அடதாள வருணமும் சியாமா சாத்திரியின் சுரசதியும் அதில் அமைந்தவை. மணப்பந்தலில் பைரவியை விரிவாகப் பாடியதற்காக எவரும் கடிந்துகொள்ளப்பட்டதில்லை. ஒரே சுரக்குடும்பத்தைச் சார்ந்த இரண்டு இராகங்களுள் ஒன்று வரவேற்கப்படவும் மற்றொன்று வாயிலில் நிறுத்தப்படவும் சுரம் காரணமாதல் இயலாது.

இதற்கு ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. அம்மறுப்பு வலிமையுடையதும் ஆகும். இராகம் சுரங்களின் தொகை அன்று. கமகமும், சஞ்சாரமும், நிற்கும் இடமும், இறங்கும் விதமுமே இராகத்தை ஆக்குவன. முகாரியின் நடையில் ஓர் இறைஞ்சும் தன்மை உண்டு என்பதைப் பழகிய செவிகள் மறுக்கமாட்டா. ஆயின் இறைஞ்சுதல் வேறு, இழவு வேறு. தோடியும் இறைஞ்சும், புன்னாகவராளியும் இறைஞ்சும். அவ்விராகங்கள் இழவின் அடையாளமாகவில்லை. இறைஞ்சும் தன்மையை இழவாக வாசித்தது கேட்டோரின் பழக்கமே.

முகாரியின் பெயர் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. இராமாமாத்தியர் 1550இல் இயற்றிய சுரமேளகலாநிதியில் முதல் மேளமாக நிற்பது முகாரி. சுத்த சுரங்களால் இயன்ற அடிப்படை அளவுகோலுக்கு அன்று அப்பெயர் வழங்கிற்று. 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகியின் சதுர்தண்டிப் பிரகாசிகையும் அதனை முதலிலேயே வைத்தது. பிற்காலத்தில் முதல் மேளத்திற்குக் கனகாங்கி என்னும் பெயர் நிலைத்தது; முகாரி என்னும் பெயர் முற்றிலும் வேறொரு சுர அமைப்பிற்கு உரியதாயிற்று. நூல்களின் தலைவாயிலில் நின்ற ஒரு பெயர் மங்கல வாயிலில் நிற்கலாகாது என்று ஆனது இடைக்காலத்தில் நேர்ந்த மாற்றம். இலக்கண நூலோர் எவரும் அப்பெயரைக் கூற அஞ்சியதாகத் தெரியவில்லை.

திரையிசை இவ்வாதத்திற்கு எளிய துணைச்சான்று தருகிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துயரத்தின் பொதுக்குறியாகச் சிவரஞ்சனியும் சுபபந்துவராளியும் தமிழ்ச் செவிகளில் பதிந்தன. சிவரஞ்சனி மோகனத்தினின்று வேறுபடுவது காந்தாரம் ஒன்றினால் மட்டுமே. சுபபந்துவராளிக்கோ பெயரிலேயே சுபம் உள்ளது. அந்தச் சுபம் அதனைக் காப்பாற்றவில்லை. இவ்விராகங்கள் துயரக்குறி ஆனமைக்குச் சாத்திரம் காரணமன்று. சாவுக் காட்சிகளும் பிரிவுக் காட்சிகளும் மீண்டும் மீண்டும் அவற்றோடு இணைக்கப்பட்டமையே காரணம். வானொலியின் பங்கும் இதில் உண்டு. தலைவர்கள் மறைந்த நாட்களில் வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திச் சொல்லற்ற வாத்திய இசையை வானொலி ஒலிபரப்பியது. வடநாட்டில் சாரங்கி என்னும் நரம்புக்கருவி அவ்வாறே துக்கத்தின் கருவியாகக் கேட்கப்படலாயிற்று. அக்கருவியை வாழ்நாள் முழுதும் பயின்றோர் அதன் இழப்பைச் சுமந்தனர். ஒரு நிறுவனத்தின் நிகழ்ச்சி நிரல் ஒரு கருவியின் பொருளை ஒரு தலைமுறைக்குள் மாற்றிவிட முடியும் எனில், பல நூற்றாண்டுப் பழக்கம் ஓர் இராகத்திற்கு என்னதான் செய்யாது?

ஒப்பாரி முகாரியில் அமைந்தது என்னும் பரவலான கூற்றையும் இங்கே எச்சரிக்கையோடு அணுகவேண்டும். ஒப்பாரிக்கென்று ஒரே மெட்டு இல்லை. வட்டாரத்திற்கும் சமூகத்திற்கும் பாடும் பெண்ணின் குரலுக்கும் ஏற்ப அது வேறுபடும். மேலிருந்து தளர்ந்து இறங்கும் அதன் குரற்போக்கைக் கேட்ட சாத்திரச் செவி, தனக்குத் தெரிந்த இராகப் பெயர்களுள் ஒன்றை அதற்குச் சூட்டிற்று எனக் கருத இடமுண்டு. அவ்வாறாயின், ஒப்பாரிப் பெண்ணின் அழுகை முகாரியிலிருந்து வந்ததன்று. முகாரியின் அழுகைதான் ஒப்பாரிப் பெண்ணிடமிருந்து வந்தது.

உருப்படிகள் சொல்வது

தியாகராசர் முகாரியில் இயற்றிய கீர்த்தனைகளுள் 'காருபாரு' என்று தொடங்குவது இராமனின் நல்லாட்சியைக் கொண்டாடுவது. 'எந்தநினே' என்று தொடங்குவது சபரி பெற்ற பேற்றைச் சொல்லி வியப்பது. ஒன்று அரசின் மங்கலம். மற்றொன்று அடியவளின் மங்கலம். இரண்டிலும் சாவு இல்லை, புலம்பல் இல்லை. திருமண வீட்டில் பாடத்தக்க பொருள் இவற்றினும் வேறு எது என்று கேட்கலாம். எனினும் இப்பாடல்கள் இசைவிழா அரங்கில் ஒலிக்கின்றன, மணப்பந்தலில் தயங்குகின்றன. சாகித்தியம் சொல்வதைக் கேளாமல் இராகத்தின் பெயர் சொல்வதைக் கேட்கும் அவை இது.

ஆகிரியின் நிலை இதனினும் வியப்பானது. முத்துசாமி தீட்சிதர் திருவாரூர்க் கமலாம்பிகை மீது இயற்றிய நவாவரணக் கீர்த்தனைகளில் ஒன்பதாம் ஆவரணத்திற்கு உரியது ஆகிரியில் அமைந்தது. ஆவரணங்களைக் கடந்து தேவியின் வெற்றியைப் பாடும் இடத்தில், வரிசையின் உச்சியில், அவர் இவ்விராகத்தை வைத்தார். நவராத்திரியில் அதனைப் பாடுவோர் அன்று பட்டினி கிடப்பதில்லை. அழைத்தும் மறுமொழி தாராத தாயிடம் ஊடும் சியாமா சாத்திரியின் கீர்த்தனையும் ஆகிரியில் அமைந்து இன்றளவும் போற்றப்படுகிறது. 1993இல் வெளிவந்த 'மணிச்சித்ரதாழ்' என்னும் மலையாளத் திரைப்படத்தில் எம். ஜி. இராதாகிருஷ்ணன் ஆகிரியில் அமைத்த பாடல் பெரும்புகழ் பெற்றது. விலக்கப்பட்டதாகச் சொல்லப்பெறும் இராகத்தில் அமைந்த பாடல் கேரளத்தின் வீடுதோறும் ஒலித்தது. ஆயினும் நம்பிக்கை அழியவில்லை. அப்பாடலைப் பற்றிப் பேசுவோர் நம்பிக்கையையும் சேர்த்தே பேசுகின்றனர். விலக்கு உடைபடும்போது அதன் கதை மேலும் பரவுகிறது.

முகாரியின் பொருள் குறுகியமைக்கு மற்றொரு காரணத்தையும் எண்ணிப் பார்க்கலாம். சேத்திரக்ஞர் முதலியோரின் பதங்களில் முகாரிக்கு நிலையான இடம் இருந்தது. அங்கு அது பிரிந்த தலைவியின் ஏக்கத்தையும் ஊடலையும் கூறியது. அதாவது, காதலின் துயரம். வரப்போகிறவனை எதிர்நோக்கும் துயரம். தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அதற்கு முன்பே தொடங்கிய சமூக மாற்றங்களால் பதங்களைப் பாடியும் ஆடியும் காத்த குடும்பங்கள் மேடையின் நடுவிலிருந்து விலகின. வீணை தனம்மாளின் வழிவந்தோர் போன்ற சிலரிடமே அம்மரபு செறிவோடு எஞ்சியது. சிருங்காரத்தின் சூழல் மங்கியபோது விரகத்தைப் பாடிய இராகத்திற்கு எஞ்சிய பொருள் இழவு ஒன்றே. இது நிறுவப்பட்ட முடிபன்று. எனினும் முகாரியின் துயரத்தை அகப்பொருளின் துயரமாகக் கேட்ட செவிகள் ஒரு காலத்தில் இருந்தன என்பதற்குப் பதங்களே சான்று.

விளரியும் பசியும்

ஆகிரி குறித்த நம்பிக்கை உணவைப் பற்றிப் பேசுவதேன் என்னும் வினாவிற்குச் சங்கப் பாடல்கள் சில வெளிச்சம் தருகின்றன. பழந்தமிழ்ப் பண்களும் இன்றைய இராகங்களும் ஒரு நேர்கோட்டில் வந்தவை என்று இங்கே வாதிடப்படவில்லை. அத்தகைய வாதங்கள் பல பெருமிதத்தால் எழுந்து சான்றின்மையால் சாய்ந்தன. இங்குச் சுட்டப்படுவது பாடுவோரின் வாழ்நிலையில் காணும் ஒப்புமை மட்டுமே.

புறநானூற்றின் 149ஆம் பாடல் கண்டீரக் கோப்பெருநள்ளியை வன்பரணர் பாடியது. மருதப்பண் காலைக்கு உரியது. செவ்வழி மாலைக்கு உரியது. நள்ளியிடம் பரிசு பெற்ற பாணர் மாலையில் மருதத்தையும் காலையில் செவ்வழியையும் பண்ணி, முறையை மறந்தனர் என்கிறார் புலவர். பொழுதுக்குரிய பண்ணை மாற்றிப் பாடுதல் குற்றம் என்பது இப்பாடலின் பின்புலம். அக்குற்றமே இங்கு வள்ளலின் புகழாக மாறுகிறது. கொடுத்தலைத் தன் கடனாக அவன் மேற்கொண்டதால் பாணர் தம் மரபை மறந்தனர். இப்பாடலை வள்ளன்மையின் மிகைக்கூற்றாக மட்டும் படிப்பது போதாது. வயிறு நிறைந்த பாணனுக்குப் பொழுதின் விதி தேவையில்லை என்னும் கூர்மையான செய்தி இதனுள் உள்ளது. விதியைப் பேணியது யார்? நாளை உணவு எவரிடமிருந்து வரும் என்று அறியாதவன்.

260ஆம் பாடல் இதன் மறுபக்கம். வடமோதங்கிழார் பாடிய இதில் பாணன் ஒருவன் யாழை மீட்டுகிறான். அவன் விரும்பியபடி இசை வளரவில்லை. நரம்பு திரிந்து விளரியில் சென்று நிற்கிறது. விளரி இரங்கற்குரிய பண். அவன் நெஞ்சு தளர்கிறது. எதிர்ப்படும் பெண்ணின் கலைந்த கூந்தல் கண்ணிற் படுகிறது. கள்ளி நிழலில் உறையும் கடவுளை வாழ்த்துகிறான். அவனது பசித்த வயிற்றையும் புலவர் மறவாமல் குறிக்கிறார். வள்ளலைக் காண இயலுமா என்று வினவி வரும் அவனுக்குக் கிடைக்கும் விடை, ஆநிரை மீட்டு வீழ்ந்து நடுகல்லாகிவிட்ட தலைவனைப் பற்றியது.

இங்கு வேண்டாத பண், புரவலனின் சாவு, பாணனின் பசி மூன்றும் ஒரே காட்சியில் பிணைந்துள்ளன. விளரியைப் பாணன் தேர்ந்து பாடவில்லை. அது தானே வந்து படிகிறது. புரவலனின் சாவு அவனுக்குத் துயரம் மட்டுமன்று, பட்டினியும் ஆகும். ஆகவே அவன் நரம்பில் வரலாகாத பண் எது என்று அஞ்சுவது தன் வயிற்றைப் பற்றிய அச்சமே. 149இல் உண்டவன் விதியை மறக்கிறான். 260இல் பசித்தவனை விதி பற்றிக்கொள்கிறது. இவ்விரு பாடல்களையும் அருகருகே வைத்துப் படித்தால், பண் குறித்த விலக்குகள் பாணனுக்கும் புரவலனுக்கும் இடையிலான உறவின் மொழியாக அமைந்தமை தெளிவாகும். ஆகிரி பாடினால் உணவு கிட்டாது என்னும் பிற்காலக் கூற்றும் அம்மொழியில் பேசப்பட்டதே. காலையில் ஒரு வீட்டின் வாயிலில், அல்லது அரண்மனை முற்றத்தில், கேட்போர் மனம் சுருங்கும்படி பாடியவன் அன்று வெறுங்கையோடு திரும்பினான். அதற்கு இராகத்தின் மாயம் தேவையில்லை.

பண்ணுக்குக் காக்கும் ஆற்றலும் உண்டு என்று அச்சமூகம் நம்பியது. புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காக்க, வேம்பு செருகிய மனையில் பெண்கள் காஞ்சிப் பண் பாடியதைப் புறநானூறு 281, 296 ஆம் பாடல்கள் கூறும். காக்கும் பண் உண்டெனில் கெடுக்கும் பண்ணும் உண்டு என்பது அதன் இயல்பான மறுதலை. கச்சேரியின் இறுதியில் மத்தியமாவதி பாடிக் குறைகளை நீக்கும் இன்றைய வழக்கத்திலும் இந்த இரட்டை எண்ணமே செயற்படுகிறது.

பாட்டியல் நூல்கள் இதனை எழுத்தின் தளத்தில் வகுத்துவைத்தன. மங்கலம், சொல், எழுத்து, தானம், பால், உண்டி, வருணம், நாள், கதி, கணம் என்னும் பத்துப் பொருத்தங்களும் நூலின் முதற்சீரில் பார்க்கப்பட்டன. இவற்றுள் அமுத எழுத்தையும் நச்செழுத்தையும் பிரிக்கும் பொருத்தத்திற்கு உண்டி என்றே பெயர் என்பது கவனிக்கத்தக்கது. நச்செழுத்தால் தொடங்கும் பாட்டு பாட்டுடைத் தலைவனுக்குத் தீங்கு செய்யும். நந்திக் கலம்பகத்தைக் கேட்டு நந்திவர்மன் உயிர் துறந்தான் என்னும் கதை இந்நம்பிக்கையின் உச்சம். அக்கதை வரலாறு அன்று. ஆயினும் பாடுவோன் மீது கேட்போனுக்கு இருந்த அச்சத்தை அது காட்டுகிறது; அஞ்சியவன் பாடுவோன் மட்டுமல்லன். விலக்குகளின் பட்டியல் நீள நீள, புரவலன் புலவனின் நாவைக் கட்டிவைக்கும் கயிறும் நீண்டது.

தேதியுள்ள விலக்கும் தேதியற்ற விலக்கும்

இசையைத் தவிர்த்தலுக்கு வெளிநாட்டில் பெரிதும் பேசப்பட்ட சான்று, செருமானிய இசையமைப்பாளர் ரிச்சர்டு வாக்னரின் படைப்புகளை இசுரேலில் இசைக்காமை. 1938 நவம்பரில் செருமனியில் யூதர்களின் வழிபாட்டிடங்களும் கடைகளும் தாக்கப்பட்டதை அடுத்து, அன்றைய பாலத்தீன இசைக்குழு தன் நிகழ்ச்சியிலிருந்து வாக்னரின் முகப்பிசை ஒன்றை நீக்கியது. அக்குழுவே பின்னர் இசுரேல் பில்கார்மோனிக் ஆயிற்று. 1981இல் மும்பையில் பிறந்த சுபின் மேத்தா அக்குழுவைக் கொண்டு 'திரிஸ்டன்' இசைநாடகத்தின் பகுதியை இறுதியில் இசைக்க முற்பட்டபோது அரங்கில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2001 சூலையில் எருசலேமில் டேனியல் பாரன்பாயிம், நிகழ்ச்சி முடிந்தபின் அவையோரிடமே கேட்டு, நெடுநேர விவாதத்திற்குப் பிறகு, விரும்பாதோர் வெளியேறலாம் என்று கூறி அவ்விசை நாடகத்தின் முகப்பை இசைத்தார்; சிலர் சினந்து வெளியேறினர், பலர் இருந்து கேட்டனர்.

இவ்விலக்கிற்குத் தேதி உண்டு. புண்பட்டோர் உயிரோடு இருந்தனர். தாம் ஏன் புண்பட்டோம் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. ஆகவே அதனை மீறுவதா, பேணுவதா என்று அவையோடு பேச முடிந்தது. முகாரியின் விலக்கிற்குத் தேதி இல்லை. இன்னாரின் புண் என்று சுட்டவும் இயலாது. பேசித் தீர்க்கத்தக்க வரலாறு இல்லாத இடத்தில் விலக்கு இராகத்தின் இயற்கையாகவே தோன்றிவிடுகிறது. அண்மையில் உற்றாரை இழந்த ஒருவர் அவையில் இருப்பதறிந்து ஒரு பாடலை விட்டுவிடுதல் பண்பாடு. அதனைக் குறை கூற இடமில்லை. அந்தப் பண்பாட்டை இராக இலக்கணமாக எழுதிவைப்பதே பிழை.

தவிர்க்க முடிந்தவரும் முடியாதவரும்

இதுவரை பேசப்பட்ட பாடகர்க்கு ஒரு வசதி இருந்தது. முகாரியை விட்டுவிட்டு அவர் கல்யாணியைப் பாடலாம். அவரது ஊதியம் குறையாது. மதிப்பு கூடவும் செய்யும். நாகசுரமும் தவிலும் பெரும்பாலும் மங்கல இசையாகப் போற்றப்பட்ட இடங்களிலும் இவ்வசதி இருந்தது: மல்லாரியைச் சுவாமி புறப்பாட்டிற்கும், குறிஞ்சியை மணவினைக்கும் என்று பொழுதும் இடமும் பிரித்து வாசிக்க அக்கலைஞர்க்கு முடிந்தது. மங்கலம் தூய்மையாக இருக்கவேண்டுமெனில் அமங்கலத்தை வேறொருவர் வாசிக்கவேண்டும். தமிழ்ச் சிற்றூர்களில் அவ்வேறொருவர் பறை அடித்தவரே.

புறநானூறு 194இல் பக்குடுக்கை நன்கணியார் காட்டும் ஊரில் ஒரு வீட்டில் நெய்தற் பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒரே வேளையில் ஒலிக்கின்றன. மணப்பறையே அன்றே பிணப்பறையாய் ஒலித்தலும் உண்டு என்பது நாலடியார் கூறும் நிலையாமை. தொல்காப்பியம் திணைதோறும் பறையைக் கருப்பொருளுள் வைத்தது. பறை மகிழ்ச்சிக்கும் இருந்தது, போருக்கும் உழவுக்கும் இருந்தது, சாவுக்கும் இருந்தது. அது சாவுக்கு மட்டும் உரியதாகச் சுருங்கிய வரலாறும், அதை அடிப்போர் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட வரலாறும் ஒன்றோடொன்று பின்னியவை. முகாரிக்கு நேர்ந்த பொருட்சுருக்கமே பறைக்கும் நேர்ந்தது. வேறுபாடு ஒன்றுதான்: முகாரியைத் தவிர்த்தவர் அதனால் எதையும் இழக்கவில்லை, பறையைத் தவிர்க்க முற்பட்டவர் ஊரின் சினத்தை ஏற்கவேண்டியிருந்தது. சாவுக்கு அடிக்க மறுத்தல் ஒரு கலைஞனின் தேர்வாகக் கொள்ளப்படவில்லை. கடமை தவறிய செயலாகக் கொள்ளப்பட்டது. தமிழகத்தின் ஒடுக்கப்பட்டோர் இயக்கங்களில் பறையைக் கைவிடுக என்னும் குரலும் பறையை மீட்டெடுக்க என்னும் குரலும் மாறிமாறி எழுந்தமைக்கு இதுவே காரணம். இரண்டும் தவிர்க்கும் உரிமையைக் கோரிய குரல்களே.

கே. ஏ. குணசேகரன் போன்றோரின் முயற்சியாலும் தொண்ணூறுகளில் வலுப்பெற்ற தலித் கலை இயக்கத்தாலும் பறை மேடைக்கு வந்தது. இன்று அது அரசியல் கூட்டங்களிலும் கல்லூரி விழாக்களிலும் கடல்கடந்த தமிழர் நிகழ்ச்சிகளிலும் ஒலிக்கிறது; சில மணவிழாக்களில் மணமக்களே விரும்பி அழைக்கின்றனர். பல நூற்றாண்டுகளாகச் 'சாவு மேளம்' எனக் கேட்ட செவிகள் அதனை ஒரு தலைமுறைக்குள் வேறாகக் கேட்கப் பழகின. இதற்கு அடிகளை மாற்றவேண்டியிருக்கவில்லை. அடிப்பவர் எங்கே நிற்கிறார், யார் அழைத்து நிற்கிறார் என்பது மாறிற்று. முகாரிக்காக இத்தகைய இயக்கம் எதுவும் எழவில்லை. அதைத் தவிர்த்தோர் எவரும் அதன் பொருட்டு ஊர் எல்லையில் நிற்கவேண்டிய நிலையில் இருந்ததில்லை.